கையெழுத்துப் போடாமல் போனவர்

"எங்க இருக்கீங்க?" பாய்மரப் படகுப் பந்தயத்தின் பாதுகாப்பு அதிகாரி போனில் சீறினாள்.

"வீட்லதான். தலைவலி. பாதியிலேயே கரையேறி வந்து படுத்துட்டேன்," என்றான் படகோட்டி.

"பந்தயத்துலேர்ந்து விலகினா கையெழுத்துப் போட்டுட்டுப் போகணும்னு விதி இருக்குல்ல?"

"ஒரு கையெழுத்துக்கா இவ்வளவு கத்தல்?"

"ரெண்டு மணி நேரமா மூணு மீட்புப் படகு கடல்ல உங்க பொணத்தைத் தேடிட்டிருக்கு! இந்த வருஷம் முழுக்க உங்களுக்குத் தடை. வைங்க போனை!"

வயர்லெஸ்ஸை எடுத்தாள். "எல்லாரும் திரும்புங்க. ஆள் பத்திரமா வீட்ல இருக்கார்."

"அப்பாடா! அவர் சம்சாரத்துக்குச் சொல்லிட்டீங்களா மேடம்? பாவம், துடிச்சுப் போயிருப்பாங்க," என்றார் வெளியூரிலிருந்து வந்திருந்த மீட்புப் படகுக்காரர்.

"அவளுக்குத் தெரிஞ்சிடுச்சு," என்றவள், கண்ணைத் துடைத்துக்கொண்டு அதே எண்ணை மறுபடி அழுத்தினாள்.

"அதிகாரியா திட்டி முடிச்சுட்டேன். இனிமே பொண்டாட்டியா திட்டப் போறேன். போனை வச்சீங்கன்னா தெரியும் சேதி!"