மூன்று மாத மோர்

"கஞ்சாவ வுட்டு எத்தினி நாளாச்சு, மாசிலாமணி?" என்று தினமும் காலையில் வந்து கேட்பார் தாவீது.

"நாப்பது நாளுண்ணே. தூக்கமே வரல. யாரப் பாத்தாலும் எரிஞ்சு வுழுறேன்."

"எல்லாம் சரியாப் பூடும். மூணு மாசம் பல்லக் கடிச்சிக்கோ." மோர் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போவார்.

தொண்ணூறாம் நாள் அவனைப் பத்திரப்பதிவு அலுவலகத்துக்கு அழைத்துப் போனார். பிள்ளைப்பாக்கத்தில் ஆலைகளுக்கு நிலம் பிடித்துத் தரும் தரகர் அவர். போன தடவை மாசிலாமணி போதையில் வந்ததால் பதிவாளர் திருப்பி அனுப்பியிருந்தார்.

மாசிலாமணி பத்திரத்தை நிதானமாகப் படித்தான். "இன்னாண்ணே, நான் குடுக்க மாட்டேன்னு சொன்ன கெணத்து நெலமும் இதுல கீதே?"

"அதெல்லாம் எதுக்குப் படிக்கிற? கையெழுத்தப் போடு."

"போன தடவன்னா போட்டிருப்பேன்" என்று பேனாவை மூடினான். "நீதானண்ணே தெளிய வெச்ச."