பேசாத சேனல்

"கவர்மென்ட்டோட அடுத்த இருபது வருஷத் திட்டத்துல நம்ம சேனலுக்கு இடம் இல்லையாம்மா!" மேனேஜர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

ரேடியோக்காரம்மா காதிலிருந்த ஹெட்போனைக் கழற்றினாள்.

சின்ன விமானங்கள் மட்டும் வந்துபோகிற சின்ன நிலையம் அது. ஆபத்தில் மாட்டிய விமானி கூப்பிடுவதற்கென்றே ரேடியோவில் தனியாக ஒரு சேனல். அதற்குக் காது கொடுத்து உட்கார்ந்திருப்பது அவள்தான்.

"ஏன் சார் எடுக்கறாங்க?"

"யாருமே பேசறதில்லையாம். சும்மா கிடக்குதாம்."

"நல்ல கதையா இருக்கே! தீப்பிடிக்கலைன்னு ஃபயர் எஞ்சினை வித்துடுவாங்களா?"

"அதை வர்றவர்கிட்ட கேளுங்க. செல்போன் கம்பெனிக்காரங்க இந்த மாதிரி சேனலுக்கெல்லாம் நாக்கைத் தொங்கப்போட்டுக்கிட்டு நிக்கறாங்க. திங்கட்கிழமை ஆடிட்டர் வர்றார். வாசல்ல வேனைப் போட்டு வாரம் பூரா ஒட்டுக் கேப்பாராம். பேச்சு இல்லேன்னா வெட்டு! ஆளுக்குப் பட்டப்பேரே கத்திரியாம்."

மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னான். "பேச்சுதானே சார் வேணும்? பேசிட்டாப் போச்சு."

"பொய்யாவா?" என்றாள் அவள்.

"அழுத பிள்ளைக்குத்தான்க்கா பால்!"

திங்கட்கிழமை வேன் வந்தது. தலையில் ஹெட்போனோடு கத்திரி உள்ளே உட்கார்ந்தார். சிரிப்பு என்றால் கிலோ என்ன விலை என்று கேட்கிற முகம்.

பின்னால் விமான ஷெட்டில் ஆளுக்கொரு கை ரேடியோவோடு நாடகம் ஆரம்பமாயிற்று.

"ஹலோ! பறவை மோதிடுச்சு! காப்பாத்துங்க!" இது மெக்கானிக்.

"பயப்படாதீங்க. உதவி கிளம்பிருச்சு," என்றாள் ரேடியோக்காரம்மா தன் அறையிலிருந்து, சிரிப்பை அடக்கிக்கொண்டு.

"ஐயோ, கதவு தானாத் திறந்துக்கிச்சு!" இது அக்கவுண்டன்ட்.

"தைரியமா இருங்க. உதவி கிளம்பிருச்சு."

மேனேஜர்கூட ஷெட்டு மூலையில் நின்றுகொண்டு, மேகத்துக்குள்ளே வழி தெரியவில்லை என்று புலம்பினார். சாயங்காலத்துக்குள் இன்னும் நாலு பறவைகள் மோதின. அந்த வட்டாரத்துப் பறவைகளுக்கு வேறு பிழைப்பே இல்லை போலிருக்கிறது!

புதன்கிழமை மத்தியானம் ஒரு குரல் வந்தது.

"எஞ்சின் நின்னுபோச்சு... கீழ வயல்தான் தெரியுது... யாராவது இருக்கீங்களா?"

குரல் உடைந்தது. யாருடையது என்று பிடிபடவில்லை. அக்கவுண்டன்ட்தான் மூக்கைப் பிடித்துக்கொண்டு பேசுகிறார் என்று நினைத்தாள். மனுஷன் என்னமாய் அழுகிறார்!

"தைரியமா இருங்க. உதவி கிளம்பிருச்சு," என்று சொல்லிவிட்டு ஆறிப்போன டீயை எடுத்துக் குடித்தாள். அதற்குள் மெக்கானிக், மூக்குக் கண்ணாடியைத் தொலைத்த விமானியாக ரேடியோவில் வந்து விழுந்தான்.

வெளியே வேன் புழுதியைக் கிளப்பிக்கொண்டு பறந்தது.

"பாத்தீங்களா சார்? பசி எடுத்ததும் டூட்டியைப் போட்டுட்டு ஓடறதை!" என்றாள் மேனேஜரிடம்.

இருட்டுகிற நேரத்துக்குத்தான் கத்திரி திரும்பி வந்தார். சட்டையெல்லாம் சேறு.

"எங்கேயோ விழுந்து புரண்டு தூங்கிட்டு வர்றாருடோய்," என்று மெக்கானிக் விழுந்து விழுந்து சிரித்தான்.

வெள்ளிக்கிழமை கத்திரி ரேடியோ அறைக்குள் வந்தார். எல்லோரும் வாசலில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

ரேடியோக்காரம்மாவுக்கு நிஜமாகவே கண் கலங்கிவிட்டது. "சார், வெட்டிடாதீங்க. என்னிக்காவது ஒருநாள் ஒருத்தர் கூப்பிடுவார். அன்னிக்குக் கேக்க ஆள் இல்லேன்னா அந்தப் பாவத்தை எங்கே கொண்டுபோய்க் கரைக்கறது?"

"வெட்டலைம்மா. இருபது வருஷமும் இருக்கும்னு முதல் நாளே எழுதி அனுப்பிட்டேன்," என்றார் அவர். "ஆபத்து சேனல் அமைதியா இருந்தாத்தான் எல்லாருக்கும் நல்லது. அதுகூடவா எனக்குத் தெரியாது?"

மேனேஜர் துள்ளிக் குதிக்காத குறை.

"அப்புறம் எதுக்கு சார் இத்தனை நாள் இங்கேயே உக்காந்திருந்தீங்க?" என்றாள் அவள்.

"உங்க கூத்தைக் கேட்டதும் பயம் வந்துடுச்சும்மா. இதுக்கு நடுவுல நிஜமாவே ஒருத்தர் கூப்பிட்டா யாருக்குத் தெரியும்? சத்தம் எந்தத் திசையில இருந்து வருதுன்னு காட்டற கருவி வேன்ல இருக்கு. எல்லாக் குரலும் உங்க ஷெட்டுல இருந்துதான் வந்துச்சு."

மெக்கானிக் மெதுவாக அக்கவுண்டன்ட் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினான். ரேடியோக்காரம்மாவுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் வாய் சும்மா இருக்குமா?

"நாங்க செஞ்சது தப்புதான் சார். நீங்க மட்டும் ரொம்ப ஒழுங்கோ? புதன்கிழமை மத்தியானம் டூட்டியை விட்டுட்டு எங்கே ஊர் சுத்தப் போனீங்க?"



"அந்த ஒரு குரல் மட்டும் வயல் பக்கமிருந்து வந்துச்சும்மா. நல்லவேளை, ஆள் பிழைச்சுக்கிட்டார். கால்தான் முறிஞ்சிருக்கு. ஆஸ்பத்திரியில சேர்த்துட்டு வந்தேன்."

கத்திரி வாசல் வரை போய்த் திரும்பினார்.

"உங்களுக்கு நன்றி சொல்லச் சொன்னார்ம்மா. 'உதவி கிளம்பிருச்சு'ன்னு நீங்க சொன்ன அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டுக் கிடந்தாராம்."