ஒழுகுற கூரை

“ஒரே தெருவுல இது நாலாவது வீடு! காலுல சக்கரம் கட்டிக்கிட்டாம்மா வந்தீங்க?”

சங்கத் தலைவியம்மா கேட்டதும் கூட்டம் கொல்லென்று சிரித்தது.

கொத்தனார் மனைவி இடுப்புக் குழந்தையை மறுபக்கம் மாற்றிக்கொண்டாள். தெருச் சங்கம் நடத்தும் குழந்தைகள் காப்பகத்தில் ஓர் இடம் கிடைத்தால் போதும், தையல் கம்பெனி வேலைக்குக் கிளம்பிவிடலாம்.

“பாப்பா இந்தத் தெருவுலதாங்க பொறந்தா.”

“பொறந்தா ஆச்சா? பொழைக்க வர்றவங்க எல்லாரும் இப்படித்தான். இன்னிக்கு இங்கே, நாளைக்கு எங்கேயோ. எங்களோட ஒட்டவே மாட்டீங்க.”

“முதல்ல என் வீட்டுலதான் இருந்தாங்க,” என்றார் பல் டாக்டர். “ஒரு வருஷம் முழுசா தங்கலையே!”

“சார், ஓதம் புடிச்ச சுவரையெல்லாம் எங்க வீட்டுக்காரர் பூசி, வெள்ளையடிச்சு முடிச்சதும், தங்கச்சி குடிவரப் போறான்னு நீங்கதானே காலி பண்ணச் சொன்னீங்க? வந்தது தங்கச்சி இல்லையே, பேங்க்காரர்தானே?”

டாக்டர் தொண்டையைச் செருமினார்.

“மருந்துக்கடை அண்ணன் வீட்டுல தரை போட்டோம். செயலாளர் ஐயா வீட்டுல குளியலறை. ரெண்டு இடத்துலயும் ஈரம் காயறதுக்குள்ள...”

மருந்துக்கடைக்காரர் அவசரமாகச் செல்போனை எடுத்தார். செயலாளர் ஃபேனைப் பார்த்தார்.

“போதும் நிறுத்தும்மா!” தலைவியம்மா மேசையைத் தட்டினார். “நிலையா குடியிருக்கறவங்க பிள்ளைங்களுக்குத்தான் இடம். அடுத்தது யாரு?”

கொத்தனார் மனைவி குழந்தையை இறுக்கி அணைத்துக்கொண்டாள். அழக்கூடாது, இவர்கள் முன்னால் அழவே கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு வெளியே நடந்தாள்.

வாசல் கேட்டைத் தாண்டவில்லை. தலைவியம்மா மூச்சு வாங்க ஓடி வந்தார்.

“இந்தாம்மா, கோவிச்சுக்காதே. சபையில அப்படித்தான் பேச வேண்டியிருக்கு. இப்ப இருக்கற வீட்டுலயும் சமையலறையைப் புதுசாக்கிட்டீங்களாமே?”

“ஆமாங்க.”

“அப்போ எப்படியும் காலி பண்ணச் சொல்லிடுவாங்க. பேசாம என் மாடிக்கு வந்துடு. என்ன, கூரைதான் கொஞ்சம் ஒழுகுது. உன் வீட்டுக்காரர் கை பட்டா சரியாயிடும்.”

கொத்தனார் மனைவிக்கு இப்போது சிரிப்பே வந்துவிட்டது.

“வர்றோம்மா. ஆனா அந்தக் கூரையில எங்க வீட்டுக்காரர் கையே வைக்க மாட்டார். அது ஒழுகுற வரைக்கும்தானே நாங்க நிலையா குடியிருக்க முடியும்!”