ஏழாவது கேள்வி

தபால் உறை ஒட்டும் பட்டறையின் முன்னறையில் நாங்கள் நால்வர் இருக்கிறோம். சன்னலோரம் முதலாளியம்மா, கவிழ்த்த பசை டின்னின் மேல் அவர் கொழுந்தன், காகிதக் கட்டின் மேல், சிறுதொழில் நிர்வாகத்தை ஆராய வந்திருக்கும் பல்கலைக்கழகப் பெண், கடித மேசையில் குமாஸ்தாவான நான். சுழல்நாற்காலியில் யாரும் உட்காரவில்லை. அது நாலு வருஷத்துக்கு முன் வெளிநாடு போன முதலாளியுடையது. சாய்வெயில் அதன் கைப்பிடியில் விழுகிறது. உள்ளே வெட்டும் இயந்திரம் தடக் தடக்கென்று ஓடுகிறது.

“ஏழாவது கேள்வி அக்கா, இதுதான் கடைசி. இங்க முடிவெடுக்கிறது யாரு?”

“எங்க வீட்டுக்காரர்.”

“உள்ள ஓடுற அந்தப் புது மெஷினை வாங்கலாம்னு சொன்னது யாரு?”

கொழுந்தன் சிரிக்கிறார். “அண்ணிதான். எங்க அண்ணன் பசை வாங்கவே பத்து நாள் யோசிப்பாரு.”

“அப்போ உங்க பேரைத்தானேக்கா எழுதணும்?”

முதலாளியம்மா விரலில் காய்ந்த பசையை உரிக்கிறார். உரித்து முடித்த பிறகும் உரிக்கிறார். முதலாளியிடமிருந்து கடிதம் வந்து ஒன்றரை வருஷம் ஆகிறது; தினமும் தபாலைப் பிரிப்பவன் நான்.

“எழுதிக்கம்மா. ஆனா பென்சில்ல எழுது.”

“பேனாவுலதான் எழுதணும்க்கா.”

பேனாவை வாங்கி, முதலாளியம்மாவே கேள்வித்தாளில் தன் பெயரை எழுதி, அதை உறைக்குள் வைக்கிறார். பதில் சொன்னவரே உறையை ஒட்டித் தபாலில் அனுப்ப வேண்டும் என்பது ஆராய்ச்சிக்காரர்கள் வைத்த விதி. பசை பிடித்த பின்னும் அவர் கட்டைவிரல் மடிப்பை அழுத்திக்கொண்டே இருக்கிறது.

“தபால் எடுக்கிற நேரமாச்சும்மா” என்று கை நீட்டுகிறேன்.

கொடுக்கிறார். கொடுத்துவிட்டு என்னிடம் மட்டும் கேட்கிறார்: “அவர் வந்தா, மாத்தி எழுதிக்குவாங்களா?”

“பல்கலைக்கழகத்துக்கு எழுதிக் கேக்கறேம்மா” என்கிறேன். வெளியே வந்து, எதிர்ப்புறத் தபால்பெட்டியில் உறையைப் போடுகிறேன்.