பானெட்டில் இரண்டு ஓட்டை

பானெட்டில் முதல் துளை விழுந்தபோது மணி பதினொன்று. காரை வாங்க ஆள் வருவது நாலு மணிக்கு.

ஓட்டை விழுந்த காரை எவன் வாங்குவான்? அவ்வளவுதான் அவருடைய திட்டம்.

மூன்று நாளாக அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. மூன்று நாளைக்கு முன்புதான் மகன் ஃபோனில் கத்தினான். "இன்னொரு தடவ அம்மாவ நடுரோட்டுல நிக்க வெக்காதீங்கப்பா. வித்துத் தொலைங்க. ஆளும் பாத்தாச்சு."

மேட்டைக் கண்டாலே கார் கொதித்து நின்றுவிடுவது உண்மைதான். போன வாரம் மேம்பாலத்தின் பாதியில் இரண்டு மணி நேரம் நின்றதும் உண்மைதான். வாயில் சரி என்று வந்துவிட்டது.

மனைவியாவது குறுக்கே ஒரு வார்த்தை சொல்வாள் என்று பார்த்தார். அவள் பாட்டுக்குத் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

இருபத்திரண்டு வருஷமாகப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வந்தவள். வீட்டில் கேட்டதற்கு மட்டும்தான் பதில் சொல்வாள். காரில் ஏறி உட்கார்ந்தால் வாய் ஓயாது. அவர் சாயங்காலம் காரணமே இல்லாமல் காரை எடுப்பதெல்லாம் அந்தப் பேச்சுக்காகத்தான். கார் போனால் அதுவும் போயிற்று. இது அவளுக்குத் தோன்றவில்லையே என்பதில்தான் அவருக்கு மனசு விட்டுப்போனது.

இன்று காலை, நாலு மணிக்குள் வந்துவிடுகிறேன் என்று அவள் தங்கை வீட்டுக்குக் கிளம்பினாள். அவள் தெருமுனை திரும்பியதும் டிரில்லையும் தகடு வெட்டும் மெஷினையும் எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டார். யாராவது கேட்டால் சொல்லப் பதிலும் தயார். என்ஜின் சூடு வெளியே போக வழி செய்தேன், வாங்குகிறவர் நல்லதுக்குத்தான்.

கன்னாபின்னாவென்று வெட்ட வேண்டும். பார்த்த மாத்திரத்தில் ஆள் ஓடிப்போக வேண்டும்.

கை கேட்க வேண்டுமே! முப்பத்தோரு வருஷம் தகரப் பட்டறையில் ஏசிக் குழாய்களுக்குத் தகடு வெட்டிய கை. முதல் துளை போட்டதுமே நின்றுவிட்டது. அடியில் பானெட்டைத் தாங்கும் சட்டம் எங்கே ஓடுகிறது என்று பார்க்காமலா வெட்டுவது? தூக்கிப் பார்த்தார். சட்டத்தைத் தொடாமல் இரண்டு விரற்கடை தள்ளிப் பேப்பர் டேப் ஒட்டினார். பென்சிலால் கோடு போட்டார்.

கோடு போட்டால் என்ன, வெட்டும்போது விலகிக்கொள்ளலாம் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

மயிரிழைகூட விலகவில்லை. இடப்பக்கத்தில் அளவெடுத்தாற்போல் ஒரு நீள ஓட்டை விழுந்தது.

சரி, வலப்பக்கத்தையாவது கெடுப்போம் என்று மெஷினை வைத்தார். இடது அப்படி இருக்க, வலது இப்படி இருந்தால் கண்ணை உறுத்தாதா? மறுபடி டேப், மறுபடி பென்சில்.

மணி ஒன்றரை. சாப்பாடு மேஜையில் ஆறிப்போய்க் கிடந்தது. உட்கார்ந்தார், எழுந்தார், கேட் வரை போய்த் தெருவை எட்டிப் பார்த்தார், திரும்பி வந்தார்.

இப்படியே விட்டால் போதும். மழை பெய்தால் தண்ணீர் நேராக என்ஜின் தலையில் கொட்டும். வாங்க வருகிறவர் அதைப் பார்த்ததுமே கும்பிடு போட்டுவிட்டுப் போய்விடுவார். அதுதானே வேண்டும்?

அதுதான் வேண்டும். ஆனாலும் பரணில் கிடந்த அலுமினியத் தகட்டை இறக்கிப் பட்டை பட்டையாக வெட்டினார். அவற்றை இரண்டு ஓட்டையிலும் ஜன்னல் பட்டைபோல, தண்ணீர் உள்ளே விழாதபடி பின்பக்கமாகச் சாய்த்து, சட்டம் கட்டி, ரிவிட் அடித்துப் பொருத்தினார். வெட்டிய விளிம்புகளை அரத்தால் ராவி, துருப்பிடிக்காமல் பெயின்ட் தொட்டுவைத்தார். தன்னையே திட்டிக்கொண்டுதான் எல்லாவற்றையும் செய்தார்.

பொருத்திய பிறகு ஓட்டிப் பார்க்காமல் இருக்க முடியுமா? தெருக்கோடி மேட்டில் நாலு தடவை ஏற்றி இறக்கினார். சூடு காட்டும் முள் பாதியைத் தாண்டவில்லை. பட்டைகளுக்கு மேல் உள்ளங்கையை நீட்டினால் அனல் குபுகுபுவென்று வெளியே வந்தது. சின்னப்பிள்ளை மாதிரி சிரித்துவிட்டார். அப்புறம்தான் பகீரென்றது. மணி மூன்றே முக்கால்.

வந்தவர் ஒரு பள்ளிக்கூட வாத்தியார். பானெட்டைத் தடவிப் பார்த்தார், குனிந்து பார்த்தார், சாவியை வாங்கிக்கொண்டு மேட்டுப்பக்கம் போனார். திரும்பி வந்து இறங்கும்போது காதில் ஃபோன் இருந்தது, முகத்தில் பல்லெல்லாம் தெரிந்தது. மனைவியும் அப்போதுதான் கேட்டைத் திறந்துகொண்டு உள்ளே வந்தாள்.

"உங்க பையன்கிட்டயும் சொல்லிட்டேன் சார், வண்டிய நானே எடுத்துக்கறேன். நேத்து உங்க வீட்டம்மா ஃபோன் பண்ணி, மேடு ஏறாது, ஏமாந்துடாதீங்க, வராதீங்கன்னு மூணு தடவ சொன்னாங்க. வண்டி போயிட்டா அவரு ஒடிஞ்சு போயிடுவாரு, பையனுக்குத் தெரிய வேணாம்னாங்க. நானும் சரின்னு விட்டுட்டேன். இந்தப் பக்கம் வேற வேலையா வந்தேன், வாசல்ல வண்டியப் பாத்ததும் சும்மா எட்டிப் பாப்போம்னு நின்னேன். இவ்வளவு ஜோரா ரெடி பண்ணி வெச்சிருக்கீங்களே!"

அவர் மனைவியைப் பார்த்தார். அவள் பானெட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். பையைக் கீழே வைக்கக்கூடத் தோன்றவில்லை அவளுக்கு.

"ஒரு நாள்," என்றாள். "ஒரே ஒரு நாள் உங்களால சும்மா இருக்க முடியலயா?"