முருகானந்தத்தின் பெட்டி

“என் பெட்டி இன்னும் மேல போவணும், உமா.”

உமாமகேஸ்வரி அலுப்போடு மவுஸை இழுத்தாள். காரைக்கால் டைல்ஸ் கம்பெனியில் யாருக்குக் கீழே யார் என்று ஆளுக்கொரு பெட்டி போட்டுக் காட்டும் கம்ப்யூட்டர் படம் அது. முதலாளி சாதிக் பாட்சா இன்று அதைப் பார்க்க வருகிறார். ஜெனரல் மேனேஜர் பதவி தனக்குத்தான் என்ற நம்பிக்கையில் மேனேஜர் முருகானந்தம் காலையிலேயே புதுச் சட்டையோடு வந்துவிட்டார்.

“கோடெல்லாம் ஏம்மா கோணிக்கிட்டுப் போவுது?”

“பெட்டியோட ஒட்டின கோடு சார். பெட்டி நகர்ந்தா அதுவும் வளைஞ்சு கூடவே வரும்.”

“அசிங்கமா இருக்கு. அழிச்சிட்டு, சும்மா நேர் கோடா போடு.”

போட்டாள். எல்லாக் கோடுகளும் அவர் பெட்டியிலிருந்து சூரியக் கதிர் மாதிரி இறங்கின.

முதலாளி வந்தார். மவுஸை வாங்கி, முருகானந்தத்தின் பெட்டியை ஓரமாக இழுத்தார். பெட்டி மட்டும் வந்தது. ஒரு கோடும் அசையவில்லை.

“அல்ஹம்துலில்லாஹ்! உங்களை டி.ஆர். பட்டினம் குடோனுக்கு அனுப்பணும்னு ரொம்ப நாளா யோசனை. நீங்க போனா இங்க எல்லாம் ஆடிப்போயிரும்னு பயந்துக்கிட்டு இருந்தேன்.”

“பாய்! இந்தப் பொண்ணு படத்தைத் தப்பா போட்டுருச்சு!”

“கவலைப்படாதீங்க. குடோன்ல படம் போடுற வேலையே கிடையாது.”