எழுத்தில்லாத பலகை

"சார், வாசலைக் கொஞ்சம் எட்டிப் பாருங்க. கூட்டம் தாங்கலை." மூச்சு வாங்க ஓடி வந்தாள் பூமயில்.

தவசி நம்பவில்லை. ராமேஸ்வரத்துச் சத்திரம் ஒன்றில் அவர்கள் போட்டிருந்த அறிவியல் கண்காட்சிக்கு நேற்று வரை ஈ காக்காய் கூட வரவில்லை. கண்காட்சிக்குப் பொறுப்பாளர் அவர்தான். அறிவியல் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்க வேண்டும், ஜனங்கள் கையைக் கட்டிக்கொண்டு பார்க்க வேண்டும் என்பது அவர் கட்சி.

அவரிடம் வேலை பார்க்கும் பூமயிலின் கட்சி வேறு. தொட்டு, இழுத்து, தள்ளிப் பார்த்தால்தான் எதுவும் மண்டையில் ஏறும் என்பாள். அதற்காகவே சத்திரத்துக் கிணற்றின் மேல் இரண்டு வாளிகளைத் தொங்கவிட்டிருந்தாள். ஒரு வாளியின் கயிறு ஒற்றைக் கப்பியில் ஓடும், இன்னொன்று நாலு கப்பிகளில். இரண்டையும் இழுத்தால் எது லேசு என்று கைக்கே தெரிந்துவிடும். கண்காட்சியில் கடைசியாக வைத்திருந்தது அதைத்தான், இருபத்து மூன்றாவதாக.

ஆனால் தப்பித் தவறி வந்த நாலு பேரும் அந்தக் கயிற்றைத் தொடவில்லை. விளக்கம் எழுதி வைத்தாள், படிக்க ஆளில்லை. எழுத்தைப் பெரிதாக்கினாள், அதையும் ஒருவரும் சீண்டவில்லை.

"நாளைக்கு ஒரு நாள் பார்ப்பேன்மா. யாரும் கயித்தைப் பிடிக்கலைன்னா அறுத்துட்டுக் கப்பியைக் கண்ணாடிப் பெட்டியில வச்சுருவேன்" என்று தவசி நேற்றுக் கறாராகச் சொல்லிவிட்டார். அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

வந்த அழுகையை விழுங்கிவிட்டு, எழுத்தே இல்லாத பலகை ஒன்றை வரைந்தாள். ஒரு கிணறு, ஒரு வாளி, பக்கத்தில் 23 என்று எண், கீழே ஓர் அம்புக்குறி. விடிந்ததும் அதைத் தெருமுனையில் கட்டிவிட்டு வந்தாள்.

இப்போது தவசி எட்டிப் பார்த்தால், வரிசை தெருமுனையையும் தாண்டி நிற்கிறது. புதுப்பெண், பொக்கைவாய்க் கிழவர், இடுப்பில் பிள்ளையோடு ஒருத்தி என்று சகலரும் வந்திருந்தார்கள். முன்னால் இருக்கும் எந்தப் பொருளையும் அவர்கள் திரும்பிப் பார்க்கவில்லை. "இருபத்து மூணு எங்கன இருக்கு?" என்று கேட்டுக் கேட்டு நேரே கிணற்றடிக்கே வந்தார்கள்.

"தரையெல்லாம் சொதசொதன்னு ஆக்கிட்டாங்களேம்மா" என்றார் தவசி.

"ஆக்கட்டும் சார். தலையைக்கூடத் துவட்டாம ஓடி வந்திருக்காங்க பாருங்க. அம்புட்டு ஆர்வம்."

பூமயிலுக்குத் தரையில் கால் பாவவில்லை. சந்தோஷத்தில் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் இரண்டையும் சேர்த்தே செய்தாள்.

தவசியும் லேசுப்பட்டவர் இல்லை, தோற்றால் ஒப்புக்கொள்கிற மனுஷர். "நீதான் ஜெயிச்சே பூமயிலு. அடுத்த ஊருல கண்ணாடிப் பெட்டியே வேணாம். எல்லாத்தையும் உன் வழியிலயே செஞ்சுருவோம்" என்றார். சொன்னதோடு நிற்காமல் வரிசையை ஒழுங்குபடுத்தவும் கிளம்பிவிட்டார்.

பூமயில் நாலு கப்பிக் கயிற்றை எடுத்து, முதலில் நின்றவரிடம் நீட்டினாள். சிக்கல் என்கிற ஊர்ப் பக்கம் விவசாயம் பார்க்கும் சம்சாரி, கூத்தையா என்று பேர் சொன்னார். குடும்பமே அவர் பின்னால் நின்றது.

"நீங்களே இழுத்துப் பாருங்கய்யா. பூ மாதிரி வரும்."

கூத்தையா கயிற்றை வாங்கவில்லை. ஈரத் துண்டை இடுப்பில் இறுக்கிக்கொண்டார். இரண்டு கையையும் கூப்பி, கண்ணை மூடி, அவள் முன்னால் தலையைக் குனிந்தார்.

"கோயிலுக்குள்ள இருபத்திரெண்டும் ஆடியாச்சு தாயி. இந்த இருபத்து மூணாவது தீர்த்தத்தையும் ஊத்திவிடு."